எதிர் சீட்

முப்பத்து நாலு வயதுக்குள் சஞ்சய்க்கு மூன்று வேலை போயிருந்தது. நான்காவதும் போகிற மாதிரிதான் இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் ரிப்போர்ட் வராவிட்டால் திங்கட்கிழமை லாகின் பண்ணவே வேண்டாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அதிலிருந்து அவன் மனைவி வெண்ணிலாவுக்குச் சோறு இறங்கவில்லை.

இத்தனைக்கும் இது வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை. கிடைத்தபோது, பெங்களூருக்கு ரயில் தூரத்தில் இருந்த பாலகாட் வீட்டில் என்ன கொண்டாட்டம்! முன் அறையைக் காலி பண்ணி, மேஜை போட்டு, வாசலுக்குத் திரை தைத்து, வெண்ணிலா அவனுக்கு ஓர் ஆபீஸே அமைத்துக் கொடுத்தாள். அவள் மாமனார், சஞ்சயின் அப்பா ரத்தினம், கிரிக்கெட்டைச் சத்தமில்லாமல் பார்த்தார். சிக்ஸர் அடித்தாலும் வாயைப் பொத்திக்கொண்டார். கீரைக்காரம்மாவைத் தெருமுனையிலேயே மடக்கினார்கள். அந்த நிசப்தத்துக்குள் உட்கார்ந்து சஞ்சய் ஒரு வரி எழுதாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெண்ணிலா அடிக்கடி திரையை விலக்கி, "ஏங்க, ஆரம்பிச்சீங்களா?" என்பாள். அவன் முகம் இன்னும் சுருங்கிப்போகும்.

போன மாதம்தான் பெங்களூரு டாக்டர் அதற்குப் பெயர் சொன்னார்: ஏடிஎச்டி என்கிற கவனக் குறைபாடு, கூடவே கொஞ்சம் ஆட்டிசம். "கொழந்தைங்களுக்கு வர்றது இல்ல அது?" என்றார் ரத்தினம். குழந்தையிலிருந்தே இருந்ததுதான்; கண்டுபிடிக்கத்தான் யாரும் இல்லை. டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்து, ஒரு கோச்சையும் பார்க்கச் சொன்னார். புதன்கிழமை ராபர்ட்சன்பேட்டையில், ஒரு செருப்புக்கடை மாடியில், புருஷனும் பெண்டாட்டியும் அந்தக் கோச் சாராவின் முன்னால் போய் உட்கார்ந்தார்கள்.

சாராவுக்கும் ஏடிஎச்டிதான். அவள் அதை மறைக்கவில்லை, மறைக்க நினைத்தாலும் முடியாது. வந்தவர்களை உட்கார வைத்துவிட்டு மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டே இருந்தாள். கடைசியில் அது ஃபிளாஸ்க்குக்குப் பின்னால் கிடைத்தது. இந்த அம்மாவா நம்மைக் கரை சேர்க்கப் போகிறது என்று வெண்ணிலா புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

ஆனால் உட்கார்ந்ததும் சாரா வேறு ஆள். புத்தி சொல்லவில்லை, அட்டவணை போடவில்லை. ஒரே ஒரு கேள்வி.

"சஞ்சய், உக்காந்தேன், முடிச்சேன்னு எப்பனா நடந்திருக்கா? எங்க?"

சஞ்சய் தரையைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். வெண்ணிலா பதில் சொல்ல வாயெடுத்தாள். சாரா கையைக் காட்டி நிறுத்தினாள். அடேயப்பா, என்ன பொறுமை! அவன் யோசிப்பதற்கு இவ்வளவு நேரம் கொடுத்து யாரும் காத்திருந்து வெண்ணிலா பார்த்ததே இல்லை. அவளும் காத்திருந்ததில்லை.

"ட்ரெயின்ல மேடம்," என்றான் கடைசியில். "பெங்களூருக்கு டெய்லி போயிட்டு வந்தேன் இல்ல, அப்ப முடிச்சது எல்லாம் ட்ரெயின்லதான். ஆபீஸ்ல போயி உக்காந்தா ஒண்ணும் ஓடாது."

"அப்ப ட்ரெயின்லயே போங்க. சுத்தி நாலு பேரு அவங்கவங்க வேலைய பாத்துனு இருந்தாதான் சில பேருக்குக் கை ஓடும். எனக்கும் அப்படித்தான்." பிறகு வெண்ணிலாவின் பக்கம் திரும்பினாள். "மொத நாளு நீங்களும் போங்க. எதிர்ல உக்காருங்க. ஞாபகப்படுத்தாதீங்க, எட்டிப் பாக்காதீங்க. ஒண்ணும் பண்ணாதீங்க. முடியுமா?"

இது ஒரு பெரிய விஷயமா என்று நினைத்துக்கொண்டு வெண்ணிலா தலையாட்டினாள்.

ரத்தினம்தான் குதித்தார். "வூட்லயே குந்தினு வேல செய்டான்னு சம்பளம் குடுக்கறான். இவன் ரயில்ல போயி குந்துவானாம்! இன்னாம்மா கோச்சிங் இது?"

வெள்ளிக்கிழமை விடிகாலை மாரிக்குப்பத்தில் வண்டி ஏறினார்கள். கிளம்புகிற ஸ்டேஷன் என்பதால் ஜன்னலோரம் கிடைத்தது. சஞ்சய் பாட்டு எதுவும் போடாமல் ஹெட்போனை மட்டும் மாட்டிக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தான். எதிர் சீட்டில் வெண்ணிலா அவரைக்காய்ப் பையைப் பிரித்து உரிக்க ஆரம்பித்தாள். ஒரு பக்கம் சீட்டுக்கட்டு, இன்னொரு பக்கம் கன்னடத்தில் வீட்டு வாடகைச் சண்டை. கோரமண்டல் ஸ்டேஷன் தாண்டுவதற்குள் அவன் விரல்கள் ஓட ஆரம்பித்துவிட்டன.

பங்காரப்பேட்டையில் நின்றன.

வண்டி நின்றது, கையும் நின்றது. பக்கத்துத் தண்டவாளத்தில் ஒரு கூட்ஸ் வண்டி போய்க்கொண்டிருந்தது. அவன் கன்னத்தில் கை வைத்து அதையே பார்த்தான். கூட்ஸ் போய் முடிந்தது, அப்போதும் பார்த்தான். வண்டி கிளம்பியது, அப்போதும். போச்சு, எல்லாம் போச்சு என்றுதான் வெண்ணிலாவுக்குத் தோன்றியது. 'ஏங்க' என்பது நுனி நாக்குக்கு வந்துவிட்டது. பல்லைக் கடித்தாள். அவரைக்காயை நசுக்கினாள். ஒண்ணும் பண்ணாமல் இருப்பது இத்தனை பெரிய பாடு என்று யார் கண்டது!

டேக்கல் வருவதற்கு முன்னால் அவனாகவே திரும்பினான். அதற்குப் பிறகு தலையைத் தூக்கவே இல்லை. ஒயிட்ஃபீல்டில் பாதிக் கூட்டம் இறங்கியபோது ஹெட்போனைக் கழற்றி, "அனுப்பிட்டேன்," என்றான். கண்டோன்மென்ட் வருவதற்குள் மேனேஜரிடமிருந்து பதில் வந்தது: கிடைத்தது, நன்றாக இருக்கிறது, திங்கட்கிழமை அடுத்ததைப் பேசுவோம்.

எல்லோரும் ஆபீசுக்கு ஓட, போக இடமில்லாத இரண்டு பேரும் பிளாட்பாரப் பெஞ்சில் உட்கார்ந்து சாராவுக்குப் போன் போட்டார்கள். அவள் சந்தோஷத்தில் ஒரு கூச்சல் போட்டுவிட்டு, உடனே கேட்டாள்: "எது ஒத்து வந்துச்சி சஞ்சய்? வெண்ணிலா இன்னா பண்ணாங்க?"

"ஒண்ணுமே பண்ணல மேடம்!" என்றான் சஞ்சய், அத்தனை பெருமையாக. "பங்காரப்பேட்டையில நான் பராக்கு பாத்துனு இருந்தேன். வாயே தொறக்கல அவ. அப்பதான் தோணுச்சி, இவ என்னைய நம்புறா, நான் முடிச்சிருவேன்னு. அதான் திரும்பி உக்காந்தேன்."

வெண்ணிலா துப்பட்டாவை முகத்தில் வைத்து அழுதாள். பங்காரப்பேட்டையில் அவள் துளிகூட நம்பவில்லை. அது அவனுக்குத் தெரிய வேண்டியதில்லை. இனிமேல் நம்பினால் ஆயிற்று. மூக்கைத் துடைத்துக்கொண்டு, "வாங்க, ரெண்டு பேருக்கும் சீசன் டிக்கெட் எடுத்துனு வரலாம்," என்று எழுந்தாள்.