பூசணிக்காயை உடைத்தவள்

நான் குற்றமற்றவள் என்று நீதிமன்றம் விடுவித்து இரண்டு வருடம் ஆகிறது. காவல் நிலையக் கம்ப்யூட்டருக்கு மட்டும் சேதி போகவில்லை. அதில் நான் இன்னும் டாலிகஞ்ச் பேட்டையின் ஆபத்தான பெண்மணி. பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போனபோதுதான் இது தெரிந்தது. சிங்கப்பூரில் மகள் அனன்யாவுக்கு அடுத்த மாதம் பிரசவம். வழக்கு நிலுவையில் இருக்கிறதாம், பாஸ்போர்ட்டை நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

என் குற்றம் இதுதான். ஏழு வருடம் முன்பு என் கணவர் வீரராகவன் புதுக் கார் வாங்கினார். ஆயுத பூஜையன்று காருக்குத் திருஷ்டி சுற்றித் தெருவில் பூசணிக்காய் உடைத்தோம். தெருமுனைத் துர்கா பூஜைப் பந்தலிலிருந்து பிரசாதக் கிச்சடியோடு ஸ்கூட்டரில் வந்த எதிர்வீட்டு பௌமிக் அதில் சறுக்கி விழுந்தார். கார் மேலிருந்த கண்ணெல்லாம் கழிந்தது. அவருக்குத் தோள் எலும்பு முறிந்தது.

பந்தல் காவலுக்கு நின்ற போலீஸ்காரர் ஓடிவந்து, "யார் உடைச்சது?" என்றார். வீரராகவன் மத்திய அரசு அதிகாரி. கைதானால் சஸ்பென்ஷன். குங்குமக் கையோடு என்னைப் பார்த்தார்.

"நான்தான்" என்றேன்.

தியாகம் என்று நானும் கொஞ்சநாள் நினைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. இருபத்தெட்டு வருடத் தாம்பத்தியத்தில் முதல்முறையாக அந்த மனிதர் என் வாயிலிருந்து என்ன வருமோ என்று நடுங்கினார். அந்த ருசியில் சொல்லிவிட்டேன். அதன்பிறகு காபியில் சர்க்கரை குறைவு என்று ஒருநாளும் அவர் சொன்னதில்லை.

தீர்ப்பின் நகலோடு நான்கு தடவை அலைந்தபின், இன்று எஸ்.ஐ. வீட்டுக்கே வந்தார். பதிவை முடித்து வைக்க, என் நடத்தைக்கு அக்கம்பக்கத்தார் இருவர் கையெழுத்து வேண்டும். கீழ்வீட்டு மீரா போட்டுவிட்டாள். வேறு யாரும் ஊரில் இல்லை. மிச்சம் பௌமிக்தான்.

வந்தார். காபியை வாங்கிக்கொண்டார், பேனாவை வாங்கவில்லை.

"பௌதி," என்றார். வங்காளியில் அண்ணி என்று அர்த்தம். "நல்லவங்கன்னு கையெழுத்துப் போடணும்னா எனக்கு ஒண்ணு தெரியணும். அன்னிக்கு உடைச்சது யாரு?"

எஸ்.ஐ. எழுதுவதை நிறுத்தினார்.

"பழசெல்லாம் எதுக்கு ஷியாமு?" என்றார் வீரராகவன் என்னிடம், தமிழில், ரகசியமாக.

'நான்' என்றால் பாஸ்போர்ட் போச்சு. 'அவர்' என்றால் என் ஏழு வருட ராஜ்யம் போச்சு. வீடியோ காலில் பார்த்த அனன்யாவின் வீங்கிய பாதங்கள் நினைவுக்கு வந்தன.

"இவர்தான்."

பௌமிக் சிரித்தார். "தெரியுமே. வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு நின்னாரே, அதைப் பார்த்துக்கிட்டேதான் விழுந்தேன்."

"அப்போ கோர்ட்ல ஏன் யாரையும் பார்க்கலேன்னு சொன்னீங்க?" என்றேன்.

"உங்களைச் சொன்னா பொய். ராகவனைச் சொன்னா, நீங்க ஆஸ்பத்திரிக்கு அத்தனை நாள் கொண்டுவந்த இட்லிக்கு என்ன மரியாதை?"

கையெழுத்துப் போட்டார். வீரராகவன் பயத்தோடு எஸ்.ஐ.யைப் பார்த்தார்.

"என் காதுல எதுவும் விழலை சார்," என்றார் எஸ்.ஐ. "ஒரு பேரை அந்தக் கம்ப்யூட்டர்ல இருந்து எடுக்கவே என் தலைமுடி பாதி போயிடுச்சு."

பௌமிக்கும் எஸ்.ஐ.யும் படியிறங்கினார்கள். வீரராகவன் ஆறிப்போன காபியை ஒரு வாய் குடித்தார்.

"சக்கரை கம்மி" என்றார்.

"டப்பா சமையல் ரூம்ல இருக்கு" என்றேன், பெட்டியைப் பரணிலிருந்து இறக்கியபடி.