கட்டுமாவடியில் பிறக்காத பிள்ளைகள்

1
மருத்துவர் ஒருவர் எனக்கு அனுப்பிய ஆய்வுக் கட்டுரையிலிருந்து இந்தக் கதை வந்தது. கட்டுரை வெளியாகியிருந்தது, அதிலிருந்த பிள்ளைகள்தான் எங்கும் பிறக்கவில்லை. முதலில், 'புதுக்கோட்டையில் மழை பிடித்துக்கொண்ட ஒரு...' என்று தொடங்கினேன். மழைக்கு இங்கே வேலையில்லை.

2
சொர்ணவல்லி குழந்தை மருத்துவர். பதவி உயர்வுக்கு ஒரு கட்டுரை தேவைப்பட்டது. "நீங்க பேர மட்டும் குடுங்க மேடம், மத்தத நான் பாத்துக்கிறேன்" என்றார் உடன் வேலை பார்த்த ஜெபக்குமார். ஏஐயை எழுதச் சொன்னார். காசு கொடுத்தால் எதையும் போடும் ஓர் இணைய இதழ் உடனே வெளியிட்டது. சொர்ணவல்லி தலைப்பை மட்டும் படித்தாள். நன்றாகத்தான் இருந்தது.

(அவளைக் கெட்டவளாக்கிப் பார்த்தேன். ஒட்டவில்லை. வார்டு நிறையப் பிள்ளைகள், நேரமில்லை. இது சாக்கு அல்ல. அல்லது, சாக்குதான்.)

3
கடலோரக் கட்டுமாவடியிலிருந்து மணிமேகலை, வலிப்பு வந்த மகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். வயிற்றுப்போக்குக்கு, ஒரு லிட்டரில் கலக்க வேண்டிய ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை மூன்று லிட்டரில் கலக்கிக் கொடுத்திருந்தாள். ரத்தத்தில் உப்பின் அளவு குறைந்து வலிப்பு வந்துவிட்டது.

"ஏம்மா இம்புட்டுத் தண்ணி ஊத்துனீங்க?"

"போன்ல ஏஐகிட்ட கேட்டேன் டாக்டரம்மா. கடலோரத் தண்ணியில ஏற்கெனவே உப்பு இருக்காம், கூட ஊத்தணுமாம். எங்க ஊர்ப் பிள்ளைகள வச்சே கண்டுபிடிச்சிருக்காகளாம். ஒங்க பேருதாங்க போட்டிருந்துச்சு."

அன்றுதான் சொர்ணவல்லி தன் கட்டுரையை முழுதாகப் படித்தாள். அந்த ஊருக்கு அவள் போனதே இல்லை.

4
பிள்ளை பிழைத்துக்கொண்டாள். [பிழைக்காத பிரதி ஒன்று இருந்தது. வாசகரை அழவைக்க ஒரு பிள்ளையைக் கொல்வது சுலபம், அழித்துவிட்டேன்.]

கட்டுரையை நீக்கச் சொல்லி சொர்ணவல்லி இதழுக்கு எழுதினாள். இதழ் அவளை வாழ்த்தி, ஆசிரியர் குழுவில் சேர அழைத்தது.

"விடுங்க மேடம், அத யாரு படிக்கப்போறா?" என்றார் ஜெபக்குமார்.

சொர்ணவல்லி நடந்ததை மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்தாள். பதவி உயர்வு நின்றது. கட்டுரை இணையத்தில் அப்படியே இருக்கிறது.

5
வீட்டுக்குக் கிளம்பிய மணிமேகலையிடம் சொன்னாள்: "அதுல இருந்தது பொய்ம்மா. படிக்காமலே பேரு குடுத்துட்டேன்."

"அப்ப அந்தப் பிள்ளைக?"

"அப்படி யாருமே இல்ல."

மணிமேகலை மகளை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். பிறகு அவள்...

ஏஐயிடம் முடிக்கச் சொன்னேன். மணிமேகலையை மன்னிக்கவைத்தது, இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். அதை எடுத்துக்கொள்ளவில்லை. அவள் வாயில் வார்த்தை வைக்க எனக்கும் மனம் வரவில்லை.

கட்டுமாவடி பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்து இருக்கை காலி. உட்காருங்கள். அவளாகப் பேசினால் கேட்டுக்கொள்ளுங்கள்.