பத்து மணிக்கு முடிகிற வேலை

"பறக்கத் தெரிஞ்சவனுக்கு எதுக்கு இம்புட்டுப் பெரிய காரு?"

"அது கெத்துக்கு, பிள்ள. பேசாமப் பாரு."

"கட்டடம் கட்டடமா இடிச்சுத் தள்ளுதானே, உள்ள யாரும் வேல பாக்கலையா?"

"எல்லாரையும் முன்னாடியே வெளிய அனுப்பியிருப்பாக."

"எந்த ஊர்லங்க அப்படி அனுப்புதாக?" என்றாள் ரோஜா, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

புகழேந்தி வாய்விட்டுச் சிரித்தான். கணவன் சிரிப்பதை அவள் பகல் வெளிச்சத்தில் பார்ப்பது அபூர்வம். கல்யாணமாகி இரண்டு வருடம். விடியுமுன்னே விஸ்வநத்தம் விலக்கு ரோட்டுக்குப் பட்டாசுக் கம்பெனி வேன் வந்துவிடும். அவன் திரும்பும்போது தெருவிளக்கு எரியும். ஞாயிற்றுக்கிழமையைத் தூக்கம் தின்றுவிடும். இன்று செவ்வாய்க்கிழமை, மணி பதினொன்று. சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறான். அவன் காதுக்குப் பின்னால் ஒரு மச்சம் இருப்பதை இன்றுதான் கண்டாள். வெடிக்குச் சுற்ற வேண்டிய காகிதக் குழாய்கள் அவள் மடியில் பாதியில் கிடந்தன.

விளம்பரம் வந்ததும் சேனலை மாற்றினான். ஒரு சீரியலில் பட்டுச்சேலை கட்டியவள் அழுதுகொண்டிருந்தாள்.

"இவளுக ஒருத்தியும் வேலைக்குப் போறதில்ல. அழுறதுக்கு எம்புட்டு நேரம் கெடைக்கு பாருங்க."

"உனக்குப் பொறாம."

"ஆமா. பொறாமதான்."

அடுத்த சேனலில் கோட்டுப் போட்ட நாலு பேர், பட்டாசைத் தடை செய்யலாமா என்று ஒருவர்மேல் ஒருவர் விழுந்து பேசினார்கள்.

"நம்ம ஊரு டிவியில வந்தா ஒண்ணு வெடிச்சிருக்கும், இல்ல இவுக பேசுவாக," என்றான். "உன்னயக் கூப்பிட்டுக் கேட்டா என்ன சொல்லுவ?"

"எங்க வீட்டுக்காரர பேக்கிங்லயே விட்டுருங்கன்னு சொல்லுவேன்."

அவன் டிவியின் சத்தத்தைக் குறைத்தான்.

பேக்கிங்கில் இருந்தவனை வெடிமருந்து கலக்கும் அறைக்கு மாற்றியிருந்தார்கள். இன்றுதான் முதல் நாள். முதல் நாளாயிற்றே என்று, அவன் பிறந்தநாளுக்கு அவள் சிவகாசியில் வாங்கிக் கொடுத்த பனியனைப் போட்டுக்கொண்டு போனான். நெஞ்சில் சிறகு விரித்த ஒரு சினிமா வீரன். பேக்கிங்கில் யார் என்ன உடுத்தினாலும் கேட்பாரில்லை. கம்பெனி கேட்டில் போர்மேன் ஊர்க்காவலன் அந்தத் துணியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். நைலான் கலந்தது. மருந்துப் பக்கம் அது உரசி ஒரு பொறி வந்தால் போதும். "ஊரக் காப்பாத்த வந்தவரே, வீட்டுக்குப் போங்க," என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

"வெயில் ஏறுமுன்ன கலந்து முடிச்சிரணும்லா? பத்து மணிக்கெல்லாம் வேல முடிஞ்சிரும், ரோஜா," என்றான் அவன், அவள் பக்கம் திரும்பாமலே. "தெனமும் இதே மாதிரி இங்கன உக்காந்துருக்கலாம். அதுக்குத்தான் நானே போயிக் கேட்டேன்."

அவளுக்குத் தெரியாத விஷயம் இது. கம்பெனி தள்ளிவிட்டது என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தாள். தினமும் பதினொரு மணி, தினமும் இந்தச் சிரிப்பு. குழாய்களைக் கீழே வைத்துவிட்டு அவன் தோளில் சாய்ந்தாள். அந்தத் தோளுக்கு வெயிலின் வாசனை இருந்தது. கணவன் தூரதேசம் போய்விட, கதைகளில் காத்திருக்கும் மனைவிகள்கூட இதைவிடப் பெரிதாக எதற்கும் ஏங்கியிருக்க மாட்டார்கள் என்று தோன்றியது.

போன் அடித்தது. ஊர்க்காவலனின் கனத்த குரல் அவளுக்கும் கேட்டது.

"ஏலே, காட்டன் சட்ட இருக்கா இல்லியா? இருந்தா நாளைக்கு அஞ்சரைக்கு வந்து நில்லு. இல்லேன்னா இப்பமே சொல்லிரு, அந்த எடத்துக்கு வேற ஆளப் போடணும். நீ பேக்கிங்லயே கெட."

"ஒரு நிமிசம்ணே."

புகழேந்தி போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு அவளைப் பார்த்தான். "இருக்குல்ல?"

கொல்லைக் கதவு திறந்துதான் கிடந்தது. காலையில் அவள் துவைத்துப் போட்ட இரண்டு பருத்திச் சட்டைகள் கொடியில் காற்றுக்கு ஆடிக்கொண்டிருந்தன. அவனும் அவற்றைப் பார்த்தான்.

ரோஜா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இல்லன்னு சொல்லுங்களேன்."