ஆஷா நீட்டிய காகிதம்

1
இந்தக் கதை ஒரு பதிவேட்டில் தொடங்கியது. மந்தைவெளியில் என் மாமனார் இருந்த முதியோர் இல்லம். நர்சுகளுக்கு வருடாந்திரப் பயிற்சி வகுப்பு. பதிவேட்டில் பதினொரு கையெழுத்து, கதவிடுக்கில் நான் எண்ணியது பத்துத் தலை. (எட்டிப் பார்த்தது தப்புதான். எழுதுகிறவனுக்கு வேறு பிழைப்பு ஏது?) பதினோராவது ஆளை, டயானா என்ற நர்ஸை, நானே உண்டாக்கினேன்.

2
முதலில் எழுதிய தொடக்கம்: "டயானா அலட்சியக்காரி. எப்போதும்..."

அடித்துவிட்டேன். பட்டினப்பாக்கத்திலிருந்து இருபது வருஷமாக நேரம் தவறாமல் வருகிறவள். வகுப்பு நடக்கும்போது நோயாளிகளோடு யாராவது இருக்க வேண்டுமே, அவள் இருந்தாள். மேனேஜர் வெங்கடரமணன், "உங்களுக்குத் தெரியாததா சிஸ்டர்? சும்மா கையெழுத்துப் போடுங்க" என்றார். போட்டாள்.

3
காலை பதினொரு மணி. படுக்கையில் கிடக்கும் பெரியவர் சுப்பராமனுக்கு மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் குழாயைப் புதிதாக மாற்றியிருந்தாள் டயானா. அதில் காற்றை ஊதி, வயிற்றில் ஸ்டெத் வைத்துக் கேட்டாள். அவள் படித்த காலத்து வழி அது. சத்தம் கேட்டது.*

"பாலைக் குடுங்கோ. கார்த்தாலேர்ந்து பட்டினியாப் படுத்துண்டிருக்கார்" என்றார் அவர் மனைவி சூடாமணி.

டயானா குழாயை மடக்கிப் பிடித்துக்கொண்டு சிரிஞ்சில் பாலை நிரப்பினாள். ஜூனியர் நர்ஸ் ஆஷா, குழாயிலிருந்து முன்பே உறிஞ்சிய நீரில் அமில அளவு காட்டும் காகிதம் ஒன்றை நனைத்து நீட்டினாள்.

"அக்கா, ஏழு காட்டுது. வயித்து அமிலம்னா அஞ்சரைக்குள்ள இருக்கணும், மேல போனா ஊத்தக்கூடாது. குழாய் நுரையீரல்ல கூட இருக்கலாம்."

"நல்லா சத்தம் கேக்குதே. வயித்துலதான் கீது."

"சத்தத்த நம்பாதீங்கன்னு கிளாஸ்ல சொன்னாங்களே. நீங்களும் கையெழுத்து போட்டிருக்கீங்களேக்கா."

டயானா காகிதத்தைப் பார்த்தாள். நிறுத்தினால் சூடாமணி ஏனென்று கேட்பார். மேனேஜர் வருவார், பதிவேடு வரும், வேலை போகும்.

4
முடிவு ஒன்று: "நான் கிளாஸுக்கே வரலம்மா" என்கிறாள். பெரியவர் தப்பிக்கிறார். மேனேஜர் பழியை அவள்மேல் போட்டு... (எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது.)

முடிவு இரண்டு: ஊற்றுகிறாள். ஒன்றும் ஆகவில்லை. இதற்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். நாளைக்கும் அவள் சத்தத்தையே நம்புவாள்.

மூன்று: ஊற்றுகிறாள். சுப்பராமன் இருமத் தொடங்குகிறார், உதடு நீல...

வேண்டாம்.

5
டயானாவின் விரல் இன்னும் குழாயை மடக்கிப் பிடித்திருக்கிறது. நான் எழுதாதவரை பால் இறங்காது. அதனால் நிறுத்திக்கொள்கிறேன். என்னால் அவளுக்குச் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

ஆனால் பெரியவர் பசியோடு இருக்கிறார். மீதியை நீங்கள் எழுதுங்கள். மேனேஜரை நல்லவராக்குங்கள், பதிவேட்டைக் கொளுத்துங்கள், உங்கள் இஷ்டம். காகிதம் காட்டிய ஏழு என்ற எண்ணை மட்டும் மாற்றாதீர்கள்.

* குழாய் தப்பான இடத்தில் இருந்தாலும் அந்தச் சத்தம் கேட்குமாம். இதை எழுத உட்காரும்வரை எனக்கும் தெரியாது.