மூன்று ஊசி

கம்பவுண்டர் கர்ணன் சைக்கிளை வேப்பமரத்தில் சாய்த்துவிட்டு வந்தபோது நான் வாசற்படியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மடியில் என் மகள் கௌமாரி. நாலு வயசு முடிந்துவிட்டது, கழுத்து இன்னும் நிற்கவில்லை. கையும் காலும் விறைத்துக்கொள்ளும். கால் இரண்டும் கத்தரிக்கோல் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். அவளைத் தூக்கிக்கொண்டு நான் சட்டென்று எழ முடியாது என்று கம்பவுண்டருக்குத் தெரியும். நான் எழப்போவதே இல்லை என்பதுதான் தெரியாது.

உள்ளே என் நாத்தனார் இருளம்மாள் விடிகாலையிலிருந்து வலியில் கிடந்தாள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவள். என் மாமியார் மாயக்காள்தான் கம்பவுண்டருக்கு ஆளனுப்பியிருந்தார்.

தேவாரம் ஊரைச் சுற்றி எங்கள் பக்கத்துப் பெண்கள் பிரசவத்தை ஊசியால்தான் அளப்பார்கள். வலி சீக்கிரம் முற்றட்டும் என்று கம்பவுண்டர் போடும் ஊசி. ஒன்றோடு பெற்றவள் என்றால் அந்த வீட்டில் கஞ்சத்தனம். ஊசியே போடாமல் பெற்றவள் நாதியில்லாதவள். எனக்கு மூன்று போடச் சொன்னார் என் மாமியார். பாசத்தில்தான், அதை நான் மறுக்கமாட்டேன். குழாயடியில் நிற்கும்போதெல்லாம், "நான் என்ன கொறை வச்சேன், மூணு ஊசி போட்டும் அவ வயித்துல இப்பிடிப் பெறந்திருக்கு" என்று சொல்வார். ஊரே உச்சுக் கொட்டும்.

குற்றம் எல்லாம் என் தலையில்தான் விழுந்தது. எண்பதாம் வருஷம் மாசி மாதம் சூரிய கிரகணம் பிடித்ததே, அன்றைக்கு நான் பிள்ளைத்தாய்ச்சி. அரிவாள்மனையில் அவரைக்காய் அரிந்துவிட்டேன். பசித்தது, அரிந்தேன். அதனால்தான் பிள்ளை இப்படி என்றார்கள். மூன்று வருஷம் நானும் அதை நம்பினேன். வீரபாண்டித் திருவிழாவில் தீச்சட்டி எடுத்தேன்.

போன வருஷம் மதுரையில் ஒரு டாக்டரம்மாவிடம் கௌமாரியைக் காட்டினோம். அவர் கிரகணத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. எத்தனை மணி நேரம் வலித்தது, பனிக்குடத்துத் தண்ணீர் என்ன நிறத்தில் இருந்தது, ஊசி போட்டார்களா, பிறந்ததும் பிள்ளை அழுததா என்று கேட்டார். அந்த மூன்று வருஷத்தில் என்னிடம் பேசிய எல்லோரும் எனக்குச் சொன்னவர்கள்தான். கேட்ட முதல் ஆள் அவர். தண்ணீர் பச்சையாக வந்தது என்றேன். மூன்றாவது ஊசிக்குப் பிறகு வலி விடவே இல்லை, ஒன்று முடியுமுன் அடுத்தது ஏறியது என்றேன். பிறந்தவள் நீலம் பாரித்துத் துணி மாதிரி கிடந்தாள், காதுக்குப் பக்கத்தில் வெண்கலத் தட்டைத் தட்டினார்கள், வெகு நேரம் கழித்து ஒரு முனகல்தான் வந்தது என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "வலி விடுற நேரத்துலதாம்மா பிள்ளைக்கு உன் ரத்தத்துல இருந்து காத்து போகும். விடவே இல்லன்னா பிள்ளை மூச்சு முட்டிப்போகும். மூச்சு முட்டுற பிள்ளை உள்ளயே மலம் போயிரும், தண்ணி பச்சையாகிரும். மூளைக்குக் காத்து இல்லாமப் போனா இப்படி ஆகலாம்."

"அப்ப அவரைக்கா?" என்று கேட்டேன். அவருக்கு விளங்கவில்லை. விளக்கிச் சொன்னதும், "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல" என்றார். உசிலம்பட்டி தாண்டும்வரை பஸ்ஸில் அழுதேன். ஆண்டிபட்டிக் கணவாயில் பஸ் ஏறும்போது கோபம் வந்தது. அந்தக் கோபம் இன்னும் இறங்கவில்லை.

"வழிய விடுத்தா," என்றார் கம்பவுண்டர்.

"ஊசி வேணாங்க. திரும்பிப் போங்க."

மாமியார் உள்ளேயிருந்து ஓடி வந்தார். "கிறுக்குப் பிடிச்சிருக்கா ஒனக்கு? ஒனக்கு மூணு போட்டேன்ல, எம் மகளுக்கு ஒண்ணு போடுறது பொறுக்கலையா?"

"எனக்குப் போட்ட மூணும் இந்தா இருக்கு அத்தே," என்று கௌமாரியை நிமிர்த்திப் பிடித்தேன். தலை பின்னால் சரிந்தது. மாமியார் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"கிரகண தோசத்துக்கு ஊசி என்னத்தா செய்யும்?" என்று கம்பவுண்டர் சிரித்தார். "ஆயிரம் பிரசவம் பாத்த கையி இது."

"அதுல எத்தன பிள்ளை பெறந்த ஒடனே அழுதுச்சு?"

கம்பவுண்டர் பையைத் திறந்து ஊசி டப்பாவை எடுத்தார். அப்போது உள்ளேயிருந்து இருளம்மாள், "மதினி, தண்ணி போகுது" என்று கூப்பிட்டாள்.

நான் போயாக வேண்டும். போனால் அவர் உள்ளே வந்துவிடுவார். ஒரு நொடிதான் யோசித்தேன். கௌமாரியை வாசற்படிக்குக் குறுக்கே, நிலைக்கு நிலை படுக்கவைத்துவிட்டு எழுந்தேன். படுத்திருக்கும் பிள்ளையைத் தாண்டினால் பிள்ளை வளராது, தாண்டியவருக்குப் பாவம். எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. கம்பவுண்டர் ஒரு காலைத் தூக்கினார். மாமியாரைப் பார்த்தார். காலைத் திரும்பக் கீழே வைத்தார். அவரைக்காயை நம்புகிறவர் இதையும் நம்பித்தானே ஆகவேண்டும்.

இருளம்மாளின் சேலையில் பச்சை படிந்திருந்தது. அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். "நீ சொன்ன பச்ச இதுதானா?"

"ஆமாத்தா."

அவள் சுவரைப் பார்த்து, வெளியே கேட்கும்படி சொன்னாள். "எனக்கு ஊசி வேணாம். ஆசுபத்திரிக்குப் போகணும்."

என் வீட்டுக்காரர் சீனிச்சாமி ஏலக்காய்த் தோட்டத்து ஜீப் ஓட்டுகிறவர். நாலு வருஷமாக இந்த வீட்டில் எந்தப் பேச்சிலும் வாய் திறக்காதவர். ஜீப்பைக் கொல்லைப்பக்கம் நிறுத்திவிட்டு வந்து தங்கச்சியைத் தூக்கினார். "ஏறுங்க," என்றார். அவ்வளவுதான்.

போடி ஆஸ்பத்திரி போகும்வரை இருளம்மாளை இடப்பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, வலிக்கும் வலிக்கும் நடுவே எண்ணிக்கொண்டே வந்தேன். நடுவில் இடம் இருந்தது. எண்ண எண்ண எனக்குத் தைரியம் வந்தது. கௌமாரி மாமியார் மடியில் இருந்தாள். வேறு மடி இல்லை.

ஆஸ்பத்திரியில் ஆயுதம் போட்டுத்தான் எடுத்தார்கள். வெளியே பெஞ்சில் நாங்கள். உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது, பாத்திரச் சத்தம் கேட்டது, பிள்ளைச் சத்தம் கேட்கவில்லை. கதவிடுக்கில் ஒரு நர்ஸ் குனிந்து, பிள்ளைக்கு மூச்சுக் கொடுக்கச் சின்ன ரப்பர் பையை அமுக்கி அமுக்கி விடுவது தெரிந்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன், என் மூச்சையாவது அந்தப் பிள்ளை எடுத்துக்கொள்ளட்டும் என்பதுபோல. பிறகு அழுகை வந்தது. முதலில் மெலிசாக, அடுத்து நல்ல கோபமாக.

மாமியார் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுதார். அழுது முடித்துக் கௌமாரியின் விறைத்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார். கடைசி விரலைப் பிரித்தபடி, "ராமுத்தாயி, ஒனக்கு அந்த மூணும் போடலேன்னா இவ..." என்று நிறுத்தினார்.

"தெரியாது அத்தே. டாக்டரம்மாவே உறுதியாச் சொல்ல முடியாதுன்னுதான் சொன்னாக. அவரைக்கா இல்லைன்னு மட்டும் தெரியும்."

மூன்றாம் நாள் கௌமாரியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஊர் திரும்பினேன். வீட்டு நிறுத்தம்வரை போகவில்லை. கம்பவுண்டர் கடை முன்னால் இறங்கி, அவருடைய பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு சின்னப் பெண், முதல் பிள்ளைபோல. வயிறு நன்றாக இறங்கியிருந்தது. திரையை விலக்கிய கம்பவுண்டர் என்னைக் கண்டு அப்படியே நின்றார்.

"எத்தனாவது மாசம்த்தா?" என்று அவளிடம் கேட்டேன்.

"எட்டு முடியப்போகுது. பிள்ளைக்கு என்னக்கா?"

"சொல்றேன், தள்ளி உக்காரு," என்றேன், கம்பவுண்டருக்கும் தெளிவாகக் கேட்கும்படி. அவள் இடம் விட்டாள். கௌமாரியை மடியில் நீளப் படுக்கவைத்தேன். விறைத்த கால் ஒன்று நீண்டுபோய் அந்தப் பெண்ணின் வயிற்றில் முட்டி நின்றது. அவள் குனிந்து அந்தக் காலைப் பார்த்தாள். நகரவில்லை.