‘டு’ போட்ட தந்தி

ராஜாராம் குடியை விட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் ஆள் பேர் எழுதுகிற ரைட்டர் அவன். குடியை விட்ட சேதி மலையை விட்டு இறங்கவே இல்லை. குடித்த சேதி மட்டும் எப்போதோ ஜீப்பு ஏறிப் பொட்டிபுரம் போய்ச் சேர்ந்திருந்தது.

பொட்டிபுரத்தில்தான் மொக்கச்சாமி இருந்தார். தன் மகள் வேலுத்தாயை ராஜாராமுக்குக் கொடுக்கலாம் என்று நினைத்திருந்தவர். எழுபத்தேழாம் வருஷம் அது. தமிழ்நாட்டில் மதுவிலக்கு, மெட்டைத் தாண்டினால் கேரளத்துச் சாராயக்கடை. மாப்பிள்ளைக்கு வேலை எந்தப் பக்கம் என்பதை யோசிக்க யோசிக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஜீப்பு டிரைவரிடம் சொல்லி அனுப்பினார்: “குடிய நிப்பாட்டிட்டேன்னு எழுத்துல வரட்டும். பெறகு ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்க வரட்டும்.”

சேதி கிடைத்தது வியாழக்கிழமை. கடிதம் நேரத்துக்குப் போகாது. ராஜாராம் தந்தி ஆபீசுக்கு ஓடினான். பெண் பி.ஏ. இங்கிலீஷ் படித்தவள்; தந்தியில் ஒரு தப்பும் இருக்கக் கூடாது.

ஃபாரத்தில் ‘ஸ்டாப்டு’ என்று எழுதியவன் அப்படியே நின்றுவிட்டான். அடுத்தது டிரிங்கிங்கா, டு டிரிங்க்கா?

“டிரிங்கிங்னு போடு தம்பி. ஒரு வார்த்தக் காசு மிச்சம்” என்றார் தந்தி கிளார்க் வீரையா.

“அண்ணே, இங் வந்தா நடந்துக்கிட்டு இருக்குன்னுல அர்த்தம்? ஈட்டிங்னா தின்னுக்கிட்டு இருக்கான். ஸ்லீப்பிங்னா தூங்கிக்கிட்டு இருக்கான். அப்ப டிரிங்கிங்னா?”

வீரையா யோசித்தார். “குடிச்சுக்கிட்டு இருக்கான்.”

“அதுவும் மாமனாருக்கு!”

தப்பித்தோம் என்று இருவரும் பெருமூச்சு விட்டார்கள். ‘ஸ்டாப்டு டு டிரிங்க். கமிங் சண்டே. ராஜாராம்’ என்று எழுதி நீட்டினான்.

“கமிங்ல இங் இருக்கே?”

“இருக்கட்டும்ணே. வந்துக்கிட்டுதான இருக்கேன்.”

ஞாயிற்றுக்கிழமை டெரிலின் சட்டையும் சீப்பு வாழைப்பழமுமாகப் பொட்டிபுரத்தில் பஸ்சை விட்டு இறங்கினான். வாசலில் ‘வாங்க’ என்று யாரும் சொல்லவில்லை. மொக்கச்சாமி கிட்டே வந்து, அவன் முகத்துக்கு நேரே மூக்கை நீட்டி இரண்டு தரம் மூச்சை இழுத்தார். அவர் மனைவி ஒச்சம்மாள் ஒரு குடம் மோரோடு நின்றாள்.

“பாத்து தம்பி, படி இருக்கு.”

“தெரியுது மாமா.”

“எத்தன படி தெரியுது?”

“மூணு.”

மொக்கச்சாமி குனிந்து எண்ணிப் பார்த்தார். மூன்றுதான். அவருக்கு ஏமாற்றமாக இருந்தது.

உட்கார்ந்ததும் கேட்டார். “வியாழக்கெழமையிலருந்து நிக்கிறீகளே, காலு வலிக்கலையா?”

“எங்க மாமா நின்னேன்?”

“அதத்தான் நானும் கேக்குறேன். எந்தக் கடை?” தந்தியை எடுத்து அவன் மடியில் போட்டார். “குடிக்கிறதுக்காக நின்னுட்டேன், ஞாயித்துக்கெழம வர்றேன். எம்மக வாசிச்சுச் சொன்னா.”

ராஜாராமுக்குக் காதுவரை சூடேறியது. “ஐயோ, நிப்பாட்டிட்டேன்னுல எழுதுனேன்!”

உள்ளேயிருந்து வேலுத்தாயே வந்துவிட்டாள். “நிப்பாட்டிட்டேன்னா டிரிங்கிங்னு வரணும். டு டிரிங்க்னா போற வழியில நின்னேன். எதுக்கு நின்னேன்? குடிக்க. எனக்கும் சந்தேகந்தான். ஆனா எழுதுனத எழுதுனபடிதான வாசிக்க முடியும்?”

“இங் போட்டா குடிச்சுக்கிட்டு இருக்கேன்னு ஆயிராதா?”

“ஆகாது. அந்த இங் வேற.”

“மொத்தம் எத்தன இங் இருக்குங்க?”

வேலுத்தாய்க்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அப்பாவின் பக்கம் திரும்பினாள். “குடிக்கிற ஆளு இம்புட்டு யோசிப்பாரா அப்பா? வெரசா ஒரு இங் போட்டுட்டுக் கடைக்குல போயிருப்பாரு.”

மொக்கச்சாமிக்கு இதில் ஏதோ நியாயம் இருப்பதாகப் பட்டது. “சரி, உங்களுக்குள்ள பேசி முடிங்க” என்றார்.

வேலுத்தாய் தந்தியைத் திருப்பி, பென்சிலோடு நீட்டினாள். “என்னயக் கட்டிக்கிற விருப்பம் இருந்தா இங்கிலீஷ்லயே எழுதுங்க.”

ஒருமுறை பட்டவன் அல்லவா? இந்தத் தடவை அவன் யோசிக்கவே இல்லை. ‘ஐ வான்ட் மேரியிங் வேலுத்தாய்’ என்று எழுதி, நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“வான்ட்டுக்கு டு வரும்.”

“இப்பத்தானங்க இங் போடணும்னீங்க!”

“அது ஸ்டாப்புக்கு.”

“ஆளாளுக்கு ஒரு சட்டமா?”

“ஆமா. சிலதுக்கு இங், சிலதுக்கு டு. லைக்குக்கு மட்டும் எது வேணாலும் போட்டுக்கலாம்.”

ராஜாராம் பென்சிலைக் கீழே வைத்தான். மொக்கச்சாமியைப் பார்த்து, “எனக்குப் பொண்ணப் புடிச்சிருக்கு மாமா” என்றான்.

அந்தக் காலையில் அவருக்குச் சுளுவாகப் புரிந்த ஒரே வாக்கியம் அதுதான். மகளைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். ஒச்சம்மாள் இலை போட ஓடினாள்.

தை பிறந்ததும் கல்யாணம் நடந்தது. மலைக்குப் போன முதல் வாரமே வேலுத்தாய், புருஷன் முதலாளிக்கு எழுதும் இங்கிலீஷ் கடிதங்களை வாங்கித் திருத்திக் கொடுக்கத் தொடங்கினாள். அவற்றைப் படித்த முதலாளி அசந்துபோனார். அடுத்த மாதம் தோட்டத்துக்கு வந்தவர், ரைட்டரைக் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் கையைப் பிடித்துக் குலுக்கினார். பம்பாயிலிருந்து வெள்ளைக்காரன் ஒருவன் ஏலக்காய் பார்க்க வருகிறான், அவனோடு மூன்று நாள் கூடவே இருந்து பேசுகிற சோலி ராஜாராமுக்குத்தான் என்றார்.

ராஜாராம் லீவு கேட்டான்.