குலுக்காத பாட்டில்

மீன் செத்தால் மனிதனுக்குக் கோபம் வரலாம், தப்பில்லை. ஆனால் பழியைத் தூக்கிக் கூசாமல் மச்சினன் தலையில் போடுவதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

அவள் தம்பிக்குப் புது வேலை கிடைத்திருந்தது. தங்க அறை அமையும்வரை அக்கா வீட்டில் ஒரு மாதம் என்று வந்தவன். வந்த பத்து நாளில் கூடத்துத் தொட்டியில் ஒவ்வொன்றாக ஆறு மீன் மிதந்தன. மிச்சம் இரண்டு.

அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். ஞாயிறு தவறாமல் கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீர் பிடித்து, சோதனைப் பெட்டியிலுள்ள இரண்டு மருந்துப் பாட்டிலிலிருந்தும் பத்துப் பத்துச் சொட்டு விட்டு, வண்ண அட்டையோடு ஒட்டிப் பார்ப்பான். மஞ்சள் என்றால் சுத்தம். சிவக்கச் சிவக்க அழுக்கு. ஒரு வருடமாக மஞ்சளேதான். அப்புறம் எதற்குத் தண்ணீர் மாற்றுவது என்று, வற்றியதை மட்டும் நிரப்பிக்கொண்டிருந்தான்.

இன்றைக்கும் மஞ்சள். குழாயை மச்சினன் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"பாரு, தண்ணி சுத்தம். அப்ப வெளியில இருந்துதான் ஏதோ விழுந்திருக்கு. கொசு மருந்து அடிச்சியா இல்லியா?"

"வந்த அன்னைக்கு ஒரு தடவை அடிச்சேன் மாமா. நீங்க வேண்டாம்னதும் விட்டுட்டேன்."

"தண்ணி பொய் சொல்லாது. நீதான் சொல்ற."

தம்பி பையை எடுத்துத் தோளில் மாட்டி, "வர்றேன்க்கா" என்று பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தான். கணவன் தடுக்கவில்லை. தொட்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அவளுக்கு உச்சந்தலை வரை பற்றி எரிந்தது. அந்தச் சோதனைப் பெட்டியைக் குப்பையில் வீசத்தான் கையில் எடுத்தாள். இரண்டாம் நம்பர் பாட்டிலின் அடியில் ஏதோ கெட்டியாகப் படிந்திருந்தது. அவள் மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். "நல்லா குலுக்கிட்டுக் குடுங்க" என்று ஒரு நாளைக்கு நாற்பது பேருக்குச் சொல்கிறவள். கை அப்படியே நின்றது.

பெட்டிக்குள் மடிப்புக் கலையாமல் ஒரு தாள் இருந்தது. பிரித்தாள். இரண்டாம் பாட்டிலை அரை நிமிடம் பலமாகக் குலுக்க வேண்டும், இல்லாவிட்டால் முடிவு தவறாக வரும் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

"இதை ஒரு நாளாவது குலுக்கினீங்களா?"

"எதுக்கு? சொட்டுதான் ஒழுங்கா விழுதே."

விழுதே! ஊரிலுள்ள லிஃப்ட்டையெல்லாம் கழற்றி மாட்டுகிற மகராசனுக்கு ஒரு தாளைப் பிரித்துப் படிக்க உடம்பு வணங்கவில்லை. அவள் குலுக்கினாள். தோள் வலிக்கக் குலுக்கினாள். சொட்டு விட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஐந்து நிமிடம் நின்றாள். மஞ்சள் ஆரஞ்சாகி, பீட்ரூட் சாறு மாதிரி சிவந்தது. அட்டையில் அதற்கு மேல் கட்டமே இல்லை.

கணவன் முகம் சுண்டிப்போயிற்று. வாளியை எடுக்க ஓடினான். "முதல்ல கொஞ்சம் தண்ணி மாத்திடறேன். இருக்கிற ரெண்டும் போயிடும்."

"வாளியக் கீழ வைங்க! மீனுக்காக ஓடத் தெரியுது, என் தம்பிக்காக ஓடத் தெரியலையா? குழாயை எடுத்துட்டு வாங்க என்கூட."

நிறுத்தத்தில் தம்பி பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். கணவன் மூச்சிரைக்கக் குழாயை நீட்டினான்.

"மாப்ள, நான் மருந்தைக் குலுக்கவே இல்ல. தப்பு என்மேலதான். வா, வீட்டுக்குப் போலாம்."

தம்பி குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். திருப்பிக் கொடுத்தான்.

"இது சிவக்காம போயிருந்தா, நான் இன்னமும் பொய்யன்தானே மாமா?"

பஸ் வந்து நின்றது. தம்பி ஏறிக்கொண்டான். ஜன்னல் வழியாக அக்காவுக்கு மட்டும் கையசைத்தான்.